வெள்ளத்தில் நனைந்து பூஞ்சை பிடித்த நாணயங்கள்: எதை எப்படிச் சுத்தம் செய்வது?

வெள்ளம் வடிந்த வீட்டில் மெத்தை, அரிசி, மின்சாதனம், பிள்ளைகளின் சான்றிதழ் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்த பிறகுதான் நாணயப் பெட்டியின் நினைவு வருகிறது. அதற்குள் வாரங்கள் கடந்துவிடுகின்றன. மலேசியாவில் 2017 நவம்பரில் பினாங்கிலும், 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா உள்ளிட்ட கிள்ளான் பள்ளத்தாக்கின் தாழ்வான பகுதிகளிலும் நீர் புகுந்த வீடுகளில், பிஸ்கட் டின்னுக்குள்ளும் மரப்பெட்டிக்குள்ளும் பூஜை அறை மஞ்சள் துணிக்குள்ளும் இருந்த காசுகள் வெள்ளையும் பச்சையும் கறுப்புமாகப் பூத்திருப்பதைப் பலர் தாமதமாகவே கண்டார்கள். திடீர் வெள்ளம் கோலாலம்பூரில் ஆண்டுதோறும் ஏதோ ஒரு வட்டாரத்தைத் தொட்டுச் செல்வதால் இந்தக் கேள்வி இன்றும் ஓயவில்லை. புளி போட்டுத் தேய்க்கச் சொல்பவரும் உண்டு, குளோராக்ஸ் வெளுப்பானில் ஊறவைக்கச் சொல்பவரும் உண்டு, நகைக்கடையில் கொடுத்துவிடச் சொல்பவரும் உண்டு. கேட்டவர் எதையும் செய்யாமல் பெட்டியை மூடி வைத்துவிடுகிறார். அது இவை எல்லாவற்றையும்விட மோசமான முடிவாகிவிடலாம், ஏனென்றால் மூடிய பெட்டிக்குள் ஈரமும் பூஞ்சையும் தம் வேலையைத் தொடர்கின்றன.

எதைக் கொண்டு அளப்பது

முறைகளை ஒப்பிடுவதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பூஞ்சையை அகற்றுவது ஒரு வேலை. நாணயத்தைப் பளபளப்பாக்குவது முற்றிலும் வேறொரு வேலை. முதலாவது அவசியமானது. இரண்டாவது பெரும்பாலும் தேவையற்றது, பழைய நாணயமாக இருந்தால் கேடானதும்கூட. வீடுகளில் நடக்கும் சேதத்தில் பெரும்பகுதி, முதல் வேலைக்கு இரண்டாம் வேலைக்குரிய பொருளைப் பயன்படுத்துவதால் நேர்வதே.

ஆகவே ஒவ்வொரு முறையையும் நான்கு கேள்விகளால் அளக்கிறேன். பூஞ்சையையும் வெள்ள நீரின் கழிவையும் அது உண்மையில் நீக்குகிறதா? கையாள்பவரின் உடல்நலத்துக்கு அதனால் ஆபத்து உண்டா? உலோகத்தின் மேற்பரப்பையும், அதனால் சேகரிப்பு மதிப்பையும் அது விட்டுவைக்கிறதா? கடைசியாக, கையிலிருந்து போகும் பணமும் நேரமும் எவ்வளவு? உடனே கண்ணில் படாத செலவுகள் இந்தக் கடைசிக் கேள்விக்குள்தான் ஒளிந்திருக்கின்றன.

பெட்டியைத் திறக்கும் முன்

எந்த முறையைத் தேர்ந்தாலும் தொடக்கம் ஒன்றுதான். பெட்டியை வீட்டுக்குள் திறக்காமல், காற்றோட்டமுள்ள அஞ்சடியிலோ (முன்நடையிலோ) பின்வாசலிலோ திறக்க வேண்டும். கையுறையும் என்95 முகக்கவசமும் அணிய வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்களும் குழந்தைகளும் விலகி இருக்க வேண்டும். பூஞ்சையை ஊதுவதோ உலர்ந்த தூரிகையால் தட்டுவதோ கூடாது. அதன் வித்துக்கள் காற்றில் பறந்து நுரையீரலுக்கும் பக்கத்து அலமாரிக்கும் போய்ச் சேரும். முதலில் நனைத்துவிட்டால் அவை பறக்காது. வெள்ள நீரில் சாக்கடைக் கழிவும் எலிச் சிறுநீரும் கலந்திருக்கும் என்பதும், எலிச்சிறுநீர்க் காய்ச்சல் நம் நாட்டில் வெள்ளத்துக்குப் பின் கவலைக்குரிய நோய் என்பதும் நினைவில் இருக்கட்டும். கையில் கீறல் இருந்தால் கையுறை கட்டாயம்.

காசு முடிந்திருந்த துணி, நூல், அட்டை, வெல்வெட் பெட்டி ஆகியவற்றைக் காப்பாற்ற முயல வேண்டாம். பூஞ்சை உலோகத்தைத் தின்பதில்லை. துணி, மரம், காகிதம், கைவிரல் எண்ணெய், ஒட்டியிருக்கும் சேறு ஆகியவையே அதன் உணவு. அவை நீங்காமல் நாணயத்தை மட்டும் கழுவினால் பூஞ்சை திரும்ப வரும்.

பச்சையாகத் தெரிவதெல்லாம் பூஞ்சையல்ல

பஞ்சுபோல மெத்தென்று இருந்து, ஈரப் பஞ்சால் தொட்டவுடன் வந்துவிட்டால் அது பூஞ்சை. பிசுபிசுப்பான பச்சைப் படலமாக இருந்தால், மென்மையான பி.வி.சி. பிளாஸ்டிக் ஆல்பத் தாளிலிருந்து கசிந்த பொருளாக இருக்க வாய்ப்புண்டு. செம்பு நாணயத்தில் கெட்டியாக, சீராகப் படிந்த கரும்பச்சையோ பழுப்போ காலம் தந்த படிவு. அதைத் தொட வேண்டியதில்லை. வெளிர்பச்சை நிறத்தில் மாவுபோல உதிர்ந்து, துடைத்த சில நாளில் அதே இடத்தில் மீண்டும் தோன்றினால் அது குளோரைடு அரிப்பு. செம்பு, வெண்கலக் காசுகளுக்கு மிகக் கொடிய நோய் இதுவே. கடல் ஏற்றத்தால் உப்புநீர் புகுந்த கிள்ளான், பினாங்குக் கரையோர வீடுகளில் இதற்கு வாய்ப்பு அதிகம். வெள்ளி நாணயத்தின் கறுப்பு, சேற்றில் அழுகிய பொருள்கள் வெளியிடும் கந்தக வாயுவால் வந்தது. பார்க்க அசிங்கமாக இருந்தாலும் நோயல்ல.

அடுத்து உலோகத்தைப் பிரிக்க ஒரு காந்தம் போதும். மலேசியாவின் 1 சென் நாணயங்களில் 1973க்குப் பிறகு வந்தவற்றில் பெரும்பாலானவை செம்பு பூசிய எஃகு, காந்தத்தில் ஒட்டும். பூச்சு தேய்ந்த விளிம்பு வழியாக நீர் இறங்கினால் உள்ளிருந்து துருப்பிடிக்கும் என்பதால் இவற்றை நெடுநேரம் ஊறவைக்கக் கூடாது. 1967இல் வந்த முதல் வரிசையின் 5, 10, 20, 50 சென் செம்பு-நிக்கல் கலவை. முரட்டு உடம்புக்காரர்கள், எதையும் தாங்குவார்கள். மலாயாவில் புழங்கிய பழைய சதுரக் காசு வெண்கலம். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய பிரிட்டிஷ் நீரிணைக் குடியேற்றத்தின் வெள்ளி டாலர் வேறு வகை: 1903, 1904ஆம் ஆண்டுகளின் எட்வர்ட் அரசர் டாலரில் ஆயிரத்துக்குத் தொள்ளாயிரம் பங்கு வெள்ளி, எடை ஏறத்தாழ 27 கிராம். 1939 முதல் 1945 வரை வந்த மலாயா 10, 20 காசுகளிலும் வெள்ளி உண்டு, ஆனால் போர்க்காலத்தில் அதன் அளவைக் குறைத்துவிட்டார்கள். ஊரிலிருந்து தாத்தா பாட்டி கொண்டுவந்த இந்திய 1, 2, 3, 5 பைசா அலுமினிய நாணயங்களும் சில குடும்பங்களில் இருக்கும். சோடா மாவு, குளோராக்ஸ் போன்ற காரப் பொருள்கள் அலுமினியத்தை அரித்துவிடும்.

முதல் வழி: நீரும் மென்மையான சோப்பும்

அரிய நாணயங்கள் நீங்கலாக எல்லாவற்றுக்கும் பொருந்தும் தொடக்கம் இது. பல நாணயங்களுக்கு இதுவே போதுமானது. சேற்றைக் குழாய்த் தண்ணீரில் மெதுவாக ஓடவிட்டுக் கழுவி, ஓரிரு துளி பாத்திரச் சோப்புக் கலந்த வெதுவெதுப்பான நீரில் ஒவ்வொரு நாணயத்தையும் தனித்தனியாக விரல் நுனியால் அலசி, கடைசியில் காய்ச்சி வடித்த நீரில் கழுவ வேண்டும். நம் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருப்பதால் கடைசி அலசலை அதில் விட்டுவிடக் கூடாது. காய்ச்சி வடித்த நீர் மருந்துக்கடையில் கிடைக்கும். கார் பேட்டரிக்கு ஊற்றுவதற்கென விற்கப்படும் நீரையும் பயன்படுத்தலாம், ஆனால் அமிலம் கலக்காதது என்று லேபிளில் பார்த்துக்கொண்டு வாங்க வேண்டும். உப்புநீர்ப் பட்ட வெண்கலக் காசுகளை அந்த நீரிலேயே ஓரிரு நாள் ஊறவைத்து, நாளொன்றுக்கு ஒருமுறை நீரை மாற்றினால் உள்ளே ஏறிய உப்பில் ஒரு பங்காவது வெளியேறும்.

இதன் மறைவான செலவு உலர்த்தல். காற்றிலேயே ஈரம் ததும்பும் கோலாலம்பூரில் துண்டில் பரப்பி இரவெல்லாம் விட்டால் காலையிலும் நாணயம் ஈரமாகவே இருக்கலாம். எஃகுக் காசு அதற்குள் துருப்பிடிக்கத் தொடங்கியிருக்கும். பஞ்சுத் துணியால் ஒற்றி எடுத்து (தேய்க்காமல்), மின்விசிறிக்கு அடியிலோ குளிர்சாதன அறையிலோ இருபுறமும் திருப்பி உலர்த்த வேண்டும். சோப்பு நீர் பூஞ்சையைக் கழுவி அகற்றுகிறதே ஒழிய முழுதாகக் கொல்வதில்லை என்பது இதன் இரண்டாவது குறை.

இரண்டாம் வழி: ஆல்கஹால்

அந்தக் குறையை ஆல்கஹால் நிரப்புகிறது. மருந்துக்கடைகளில் விற்கும் 70 விழுக்காட்டு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நாணயத்தைச் சில நிமிடம் மூழ்கவைத்தால் பூஞ்சையும் பெரும்பாலான கிருமிகளும் சாகும். 99 விழுக்காடு இன்னும் வலுவானது என்று நினைப்பது இயல்பு, ஆனால் கொல்லும் வேலையில் 70 விழுக்காடே மேல். அதிலுள்ள நீர் ஆல்கஹால் செல்லுக்குள் இறங்க உதவுகிறது, மெல்ல ஆவியாவதால் வேலை செய்ய நேரமும் கிடைக்கிறது. 99 விழுக்காட்டுக்கு வேறொரு பயன் உண்டு. கடைசியாக ஒருமுறை அதில் முக்கி எடுத்தால் மிச்சமுள்ள நீரையும் இழுத்துக்கொண்டு ஆவியாகிவிடும். எஃகு நாணயத்துக்கு இதுவே நல்ல முடிவு.

வெள்ளி, செம்பு, நிக்கல், தங்கம் எதன் நிறத்தையும் ஆல்கஹால் மாற்றாது. காலம் தந்த படிவையும் கரைக்காது. ஆனால் முதலில் கழுவாத நாணயத்தை நேரடியாக இதில் போட்டால், அழுக்கு கரைந்து ஆல்கஹால் ஆவியானபின் கறையாகப் படிந்துவிடும். தீப்பற்றும் பொருள் என்பதால் சமையலறையிலோ சாமி விளக்கு எரியும் இடத்திலோ இந்த வேலையை வைத்துக்கொள்ளக் கூடாது. கை கழுவும் சானிடைசர் ஜெல்லில் பசையும் வாசனைப் பொருளும் இருப்பதால் அது இதற்கு மாற்றாகாது.

மூன்றாம் வழி: அசிட்டோன்

பி.வி.சி. கசிவு, ஒட்டுநாடாப் பசை, எண்ணெய்ப் படலம் ஆகியவற்றைக் கரைப்பதில் இதற்கு நிகரில்லை, உலோகத்தையும் தொடுவதில்லை. பூஞ்சை மட்டுமே பிரச்சினை என்றால் இது தேவைப்படாது. ஹார்ட்வேர் கடையில் கலப்பற்ற அசிட்டோன் வாங்க வேண்டும். நகப்பூச்சு நீக்கி வேண்டாம், அதில் எண்ணெயும் சாயமும் இருக்கும். கண்ணாடிக் கிண்ணத்தில் மட்டுமே ஊற்ற வேண்டும், பிளாஸ்டிக் கரைந்துவிடும். மெல்லிய கையுறையும் நெடுநேரம் தாங்காது. ஆல்கஹாலைவிட எளிதில் தீப்பற்றும்.

நான்காம் வழி: புளி, எலுமிச்சை, விபூதி, குளோராக்ஸ்

குத்துவிளக்கைப் புளியால் தேய்த்தும் வெள்ளிக் குங்குமச்சிமிழை விபூதியால் துடைத்தும் பழகிய கைகள் நாணயத்துக்கும் அதையே தேடுவதில் வியப்பில்லை. ஆனால் விளக்கின் மதிப்பு அதன் பளபளப்பில் இருக்கிறது. நாணயத்தின் மதிப்போ, அச்சில் அடித்தபோது உருவான மேற்பரப்பு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதில் இருக்கிறது. புளி, எலுமிச்சை, வினிகர், கோலா பானம் எல்லாமே அமிலம். செம்பின் மேற்படிவை ஒரே நேரத்தில் உரித்து, வெளிறிய இளஞ்சிவப்பு நிறத்தில் விட்டுவிடும். ஒரு மணி நேரத்துக்குள் புதுக்காசுபோல் மின்னும் சதுரக் காசைப் பார்த்து வீட்டார் மகிழலாம், சேகரிப்பாளர் ஒருவர் பார்த்தவுடன் கீழே வைத்துவிடுவார். விபூதியும் பற்பசையும் பித்தளை மெருகுப் பசையும் நுண்ணிய கீறல்களை உண்டாக்குகின்றன. அரசரின் தலைமுடி, எழுத்தின் ஓரம் முதலிய உயர்ந்த இடங்கள் முதலில் தேயும். அந்தத் தேய்மானத்தைத் திருப்பித் தர எந்த நிபுணராலும் முடியாது.

அலுமினியத் தாளும் சோடா மாவும் வெந்நீரும் கொண்டு வெள்ளியின் கறுப்பை நீக்கும் முறை இவற்றில் சற்று மென்மையானது. கந்தகத்தை அலுமினியம் இழுத்துக்கொள்வதால் வெள்ளி வீணாகாது. இருந்தும் மேற்பரப்பு மங்கலாகவும் திட்டுத்திட்டாகவும் நின்றுவிடும் என்பதால் தட்டு, டம்ளருக்குச் சரி, டாலருக்கு வேண்டாம்.

குளோராக்ஸ் பற்றி ஒன்றே சொல்கிறேன்: தரைக்கும் சுவருக்கும் அது வேண்டும், நாணயத்துக்கு வேண்டவே வேண்டாம். செம்பையும் வெள்ளியையும் அரிப்பதோடு, மேலே சொன்ன குளோரைடு நோய்க்கு அதுவே விதை போடுகிறது. அதைப் புளி, வினிகர் போன்ற அமிலத்தோடு கலந்தால் குளோரின் நச்சுவாயு எழும். குளியலறைக்குள் உட்கார்ந்து செய்பவருக்கு உயிராபத்து.

தேங்காய் எண்ணெய் தடவி வைப்பவர்களும் உண்டு. எண்ணெயின் கொழுப்பு அமிலம் செம்போடு சேர்ந்து பச்சை படியும். எண்ணெயே பூஞ்சைக்கு உணவாகவும் அமையும்.

ஐந்தாம் வழி: நகைக்கடை

கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியாவிலோ பிரிக்ஃபீல்ட்ஸிலோ தெரிந்த நகைக்கடையில் கொடுத்தால் அரை நாளில் வேலை முடிந்துவிடும். தங்கப் பவுனுக்கும் காசுமாலைக்கும் இது ஏற்ற இடம். தங்கத்தைப் பூஞ்சையோ கழிவுநீரோ ஒன்றும் செய்வதில்லை. காசில் பற்றவைத்த காதுக்குள்ளும் கோத்த இடத்திலும் தங்கும் சேற்றை அதிர்வலைக் கருவி எளிதாக எடுத்துவிடும், தளர்ந்த பற்றுகளையும் அப்போதே சரிபார்த்துக்கொள்ளலாம். வெள்ளி, செம்பு நாணயங்களுக்கு இதே வழி ஆபத்து. ஒரே தொட்டியில் போட்ட காசுகள் அதிர்வில் ஒன்றோடொன்று உரசும். கழுவும் திரவத்தில் அமோனியா கலந்திருப்பதுண்டு, அது செம்பைத் தாக்கும். வெள்ளிக்கான முக்கித் துவைக்கும் திரவம் கறுப்போடு சேர்த்து வெள்ளியின் மெல்லிய படலத்தையும் கரைத்துவிடுகிறது. கடைக்காரர் மின்னும் பொருளைத் திருப்பித் தருவதையே நல்ல சேவையாகக் கருதுவார் என்பதால், மெருகு போட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுப்பது நல்லது.

ஆறாம் வழி: நாணயப் பாதுகாப்பு நிபுணரும் தரமதிப்பீட்டு நிறுவனமும்

அரிய ஆண்டு, அரிய வகை, அல்லது முதலில் பெட்டியோடு வாங்கிய, சேகரிப்பாளர்களுக்கென்றே தனியாக அச்சடித்த புரூஃப் நினைவு நாணயம் என்றால் வீட்டு முறை எதுவும் வேண்டாம். புரூஃப் நாணயத்தின் கண்ணாடி போன்ற தளத்தில் பஞ்சு பட்டாலும் கோடு விழும். பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. போன்ற அமெரிக்க நிறுவனங்கள் நாணயத்தைத் தரம் பிரித்து உறையிட்டுத் தருகின்றன. தவறாகச் சுத்தம் செய்யப்பட்ட நாணயத்துக்கு எண் தரம் தராமல், சுத்தம் செய்யப்பட்டது என்ற குறிப்போடு தனிவகையில் ஒதுக்கிவிடுகின்றன. ஆகவே அனுப்புவதற்கு முன் தேய்த்துப் பார்ப்பது, செலவழித்து அனுப்பி மதிப்பை இழப்பதற்குச் சமம்.

இங்கே மறைந்திருக்கும் செலவு அதிகம்: கட்டணத்தோடு போகவர அஞ்சல், காப்பீடு, முகவரின் பங்கு, மாதக்கணக்கான காத்திருப்பு எல்லாம் சேரும். நாணயத்தின் சந்தை விலை இவற்றையெல்லாம் தாண்டும் என்று அறிந்த சேகரிப்பாளர் ஒருவராவது உறுதி சொன்ன பிறகே இந்த வழிக்குப் போக வேண்டும். பாட்டி வைத்துவிட்டுப் போன, நன்கு தேய்ந்த டாலருக்கு இது வீண்செலவு.

ஒரே பார்வையில்

| வழி | பூஞ்சை நீங்குமா | உலோகமும் மதிப்பும் | மறைவான செலவு | யாருக்கு ஏற்றது |
|---|---|---|---|---|
| நீர், சோப்பு | கழுவி அகற்றும், முழுதாகக் கொல்லாது | பாதுகாப்பு | உலர்த்தும் நேரம், எஃகில் துரு | எல்லா நாணயத்துக்கும் முதல் படி (அரியவை, புரூஃப் தவிர) |
| ஆல்கஹால் | கொல்லும் | பாதுகாப்பு | தீ அபாயம் | பூஞ்சை பிடித்த குடும்ப நாணயங்கள் |
| அசிட்டோன் | அதற்கானதல்ல | பாதுகாப்பு | நெடி, தீ அபாயம் | பி.வி.சி. கசிவு, பசை |
| புளி, விபூதி, குளோராக்ஸ் | ஓரளவு | கெடும் | திரும்பப் பெற முடியாத மதிப்பு | நாணயத்துக்கு எப்போதும் இல்லை |
| நகைக்கடை | நீங்கும் | தங்கத்துக்கு நலம், வெள்ளிக்கும் செம்புக்கும் ஆபத்து | கேட்காமலே போடும் மெருகு | பவுன், காசுமாலை |
| நிபுணர் | நீங்கும் | மிகப் பாதுகாப்பு | அஞ்சல், காப்பீடு, காத்திருப்பு | அரிய நாணயம், புரூஃப் |

எந்த வீட்டுக்கு எது

உண்டியலில் சேர்த்த அன்றாடச் சில்லறைக்கு, சேகரிப்பு மதிப்பு பற்றி மேலே சொன்ன கவலைகள் எதுவும் பொருந்தா. 2012 முதல் வந்த 5, 10 சென் துருப்பிடிக்காத எஃகு. அவற்றையும் மஞ்சள் நிற 20, 50 சென் காசுகளையும் வாளியில் சோப்பு நீர் விட்டு அலசி, நன்றாகக் காயவைத்து வங்கியில் சேர்த்துவிடலாம். ஈரமோ சேறோ உள்ள காசு, எண்ணும் இயந்திரத்தை அடைத்துவிடும் என்பதால் காயவைக்கும் வேலையில் அவசரம் கூடாது. சில்லறை எண்ணுவதற்குக் கட்டணம் உண்டா என்று கிளையில் முன்பே கேட்டுக்கொள்வதும் நல்லது. பழைய 1 ரிங்கிட் நாணயம் கலந்திருந்தால் தனியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 2005 டிசம்பர் 7 முதல் அது செல்லாது, நினைவுக்குத்தான் உதவும்.

மஞ்சள் துணியில் முடிந்து வைத்த நேர்த்திக்கடன் காசைச் செலவழிக்க மனம் வராது, பழைய துணியோடு வைத்திருக்கவும் முடியாது. துணியை மாற்றி, காசைச் சோப்பு நீரிலும் ஆல்கஹாலிலும் கழுவி, முழுதாக உலர்ந்த பின் புதுத் துணியில் முடிந்து வைக்கலாம். கோயில் உண்டியலில் செலுத்துவதாக இருந்தாலும் உலர்ந்த பிறகே செலுத்த வேண்டும்; ஈரக் காசு உள்ளிருக்கும் நோட்டுகளுக்குப் பூஞ்சையைப் பரப்பிவிடும்.

சதுரக் காசு, வெள்ளி டாலர், ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் முதலிய குடும்பச் சொத்துக்கு என் தேர்வு நீரும் ஆல்கஹாலும் மட்டுமே, பிசுபிசுப்பு இருந்தால் மட்டும் இறுதியில் அசிட்டோன். கறுத்தது கறுப்பாகவே இருக்கட்டும், பழுத்தது பழுப்பாகவே இருக்கட்டும். விற்கும் எண்ணம் துளியும் இல்லாதவர்களுக்கும் இதையே சொல்வேன், ஏனென்றால் விற்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கப்போவது பெரும்பாலும் பேரப்பிள்ளைகள்.

திரும்ப வராமல் வைப்பது

மரப்பெட்டியும் மென்பிளாஸ்டிக் ஆல்பமும் வேண்டாம். பி.வி.சி. இல்லாத உறைகளில் நாணயங்களைத் தனித்தனியே இட்டு, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, நிறம் மாறும்போது பொட்டலத்தை மாற்றவோ உலர்த்தவோ வேண்டும். கேமராக்காரர்கள் பயன்படுத்தும் ஈரம் நீக்கும் அலமாரி வீட்டில் இருந்தால் அது இன்னும் சிறப்பு. வெண்கலக் காசுகளுக்கு ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்கு அருகில் இருப்பது நல்லது. நம் ஊர்க் காற்றில் அது பெரும்பாலான நாட்களில் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும் என்பதால், திறந்த அலமாரியில் வைத்தால் செய்த வேலை நிலைக்காது. டப்பாவைத் தரைத்தளத்தில் வைக்காமல் மேல்மாடியிலோ உயரமான அடுக்கிலோ வையுங்கள்.

முதல் சில மாதங்களுக்கு மாதம் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். மெத்தென்ற பூஞ்சை திரும்பியிருந்தால் ஈரம் மிஞ்சிவிட்டது என்று பொருள். மறுபடி ஆல்கஹாலில் கழுவி, இன்னும் நன்றாக உலர்த்தினால் போதும். வெளிர்பச்சை மாவு அதே புள்ளியில் மீண்டும் தெரிந்தால் அந்த நாணயத்தை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து, புதிய சிலிக்கா ஜெல்லோடு தனி டப்பாவில் இட்டு, உலோகப் பாதுகாப்பு தெரிந்த ஒருவரிடம் காட்ட வேண்டும். அதற்கான இரசாயனங்கள் நச்சுத்தன்மை உடையவை என்பதால் வீட்டில் முயல வேண்டாம்.